புதிய மீன்தொட்டியில் மீன்கள் ஏன் இறக்கின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர் பெரும்பாலும் மீன்கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் போய், தொட்டி, மோட்டார், கூழாங்கல், மீன், தீவனம் எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாங்கி, அன்றிரவே வீட்டில் மீனை நீந்தவிட்டுவிடுகிறார். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். எட்டுக் கோல்டு ஃபிஷ்களில் ஏழு மீன்கள் பத்து நாளைக்குள் இறந்தன. அதன்பின் பல ஆண்டுகளாக உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் தொட்டிகளைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு சொல்லும் இடங்களில் எல்லாம், நம் வீடுகளில் அதிகம் காணப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூழாங்கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் அதில் ஏறக்குறைய 45 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

முதல் நான்கு நாட்கள் மீன்கள் நன்றாக இருந்தன. ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கின்றன. தண்ணீரோ பளிங்குபோலத் தெளிவாக இருக்கிறது. காரணம் என்ன?

பெரும்பாலும் அம்மோனியா. மீன் உண்ட புரதத்தின் கழிவு செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவில் மணமும் தெரியாது. ஆகவே தெளிவான தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கொள்ள முடியாது. குளத்திலும் ஏரியிலும் இந்தக் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் சேற்றிலும் கல்லிலும் செடியிலும் படிந்திருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அளவாக இருக்கும்வரை மீனுக்குத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். கடையிலிருந்து வந்த புதுக் கண்ணாடித் தொட்டியில் இந்த இரண்டு வகையும் கிட்டத்தட்ட இல்லை. முதல் நாளிலிருந்தே மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது. நான்காம் ஐந்தாம் நாளில் அந்த நஞ்சு செவுளை அரிக்கும் அளவை எட்டுகிறது.

தீவனத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது விழுக்காடு புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் அளவுக்குத் தின்னப்படாமல் கூழாங்கல்லுக்கிடையில் அழுகினால், அதிலிருந்து சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் வெளிப்படும். 45 லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனாக நிற்கும். ஒரு கிராம் என்பது விரல் நுனிகளால் இரண்டு மூன்று முறை எடுத்துத் தூவுகிற அளவுதான். வீட்டில் ஆளுக்கு ஒருவராகக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று தூவினால் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடுவோம்.

அந்தப் பாக்டீரியாக்கள் தாமாக வர எத்தனை நாள் ஆகும்?

நான்கிலிருந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சில தொட்டிகளில் சற்று முன்னதாகவும் அமையும். பால் தயிராவதற்குக் காரணமான பாக்டீரியா மணிக்கணக்கில் பல மடங்காகப் பெருகிவிடும். இவை அப்படியல்ல, ஒருமுறை இரட்டிப்பாகவே அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்பவை. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் மெல்லக் கூடிக்கொண்டே போகும். அந்த நிலை வந்துவிட்டால் தொட்டி பழகிவிட்டது என்று பொருள்.

இந்தக் காலத்தைக் குறைக்கும் நம்பகமான வழி உறை ஊற்றுவதுதான். ஆரோக்கியமான மீன்கள் ஓராண்டாவது வாழும் ஒரு தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஃபில்டர் பஞ்சைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துவந்து, உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றுவதால் அதிகப் பயனில்லை. பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடப் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியே வாழ்கின்றன.

"வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்கிறார் மாமியார். மனம் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்தடுத்து இறக்கின்றனவே?

அன்பினால் சொல்லப்படும் ஆறுதல் அது. பெரியவர்களின் மனத்தை நான் புண்படுத்த விரும்பவில்லை. ஆனால் அந்த ஆறுதலோடு நின்றுவிட்டால் காரணம் தொட்டிக்குள்ளேயே இருந்துவிடும். அடுத்து வாங்கும் மீனும் அதே காரணத்தால் துடித்து இறக்கும். வாஸ்து மீன் என்ற பெயரில் பெரிய விலை கொடுத்து வாங்கப்படும் அரோவானாவும் அதே அம்மோனியாவால்தான் சாகிறது. ஒரு மீன் இறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதே தண்ணீரிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் சோதிப்பது. தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகு சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

இப்போது, இந்த இரவிலேயே மீன்கள் துவண்டு கிடக்கின்றன. உடனே என்ன செய்யலாம்?

தீவனத்தை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் உண்ணாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. இறந்த மீனையும், அடியில் கிடக்கும் மிச்சத் தீவனத்தையும் எடுத்துவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை ஒரு குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, அதே வெப்பநிலையுள்ள, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அம்மோனியா லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இருந்தால் அது ஒன்றாகக் குறையும். இன்னொரு முறை பாதி மாற்றினால் அரையாகும். ஏர் பம்ப் ஓடட்டும், விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று மாற்றிக்கொண்டிருங்கள். எந்த மருந்தையும் ஊற்ற வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தொட்டி பல மாதங்களாக மாற்றப்படாமல் கிடந்ததானால் ஒரேயடியாகப் பாதியை மாற்றக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

மீன் இறந்தவுடன் தொட்டி முழுவதையும் காலி செய்து, கல், பஞ்சு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டோம். அப்படியும் புது மீன்கள் இறந்தன. இன்னும் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்க வேண்டும்?

இங்கே நம் நல்ல பழக்கமே நமக்கு எதிராக நிற்கிறது. பாத்திரத்தைக் கழுவுவதுபோலத் தொட்டியைக் கழுவும்போது, இரண்டு மூன்று வாரமாக வளரத் தொடங்கியிருந்த பாக்டீரியாக்களைக் குளோரினால் கொன்று வடிகாலில் விட்டுவிடுகிறோம். தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது. மாதம் ஒருமுறை முழுவதும் காலி செய்து கழுவும் வீடுகளில் மீன் நிலைக்காததற்கு இதுவே காரணம்.

ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து எடுத்தால் போதும். அது பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். அப்படி இருக்கவே வேண்டும். பஞ்சு நைந்துபோகும்வரை புதிது வாங்காதீர்கள். வாங்கும்போதும் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஆகியவை தொட்டியின் அருகிலேயே வரக் கூடாது.

தண்ணீரை வீட்டில் எப்படிச் சோதிப்பது? எந்த எண் இருக்க வேண்டும்?

சொட்டுமருந்து வடிவில் வரும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஆகிய நான்கும் வேண்டும். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் போதும். தாள் பட்டைகள் பலவற்றில் அம்மோனியாவே இராது.

பரவலாகக் கிடைக்கும் அம்மோனியாச் சோதனையில், ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரில் இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுகளை விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. என் முதல் தொட்டியின் தண்ணீர், சோதனைக் குழாயின் அடியிலிருந்து மெல்ல மெல்ல வாழையிலைப் பச்சையாக மாறியதை ட்யூப் லைட்டின் கீழே நின்று பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஏழு மீன்கள் இறந்ததன் விடை அந்தச் சிறு குழாயில் இருந்தது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மீது வைத்துப் பார்ப்பது நல்லது; மஞ்சள் விளக்கொளியில் தவறாகத் தெரியும்.

பழகிய தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் இரண்டில் எது லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்டாலும் அன்றே தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். நைட்ரேட் நாற்பதுக்குள் இருந்தால் போதுமானது. அந்தப் பெட்டியில் நைட்ரேட்டுக்கான இரண்டாம் புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் எப்போதும் குறைவாகவே காட்டும். இதில் ஏமாந்தவர்கள் பலர்.

எங்கள் போர் தண்ணீரின் பி.எச். எட்டுக்கு மேல், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுகிறது. இதில் மீன் வளர்க்கவே முடியாதா?

முடியும். கப்பி, மாலி, பிளாட்டி போன்றவை கடினமான தண்ணீரையே விரும்புகின்றன. அவற்றுக்கு நம் போர் தண்ணீர் சொந்த ஊர் போன்றது. கோல்டு ஃபிஷ்ஷும் தாங்கும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களைத்தான் தவிர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உயர்ந்த பி.எச்.சில் அம்மோனியா பல மடங்கு கொடியது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அம்மோனியம் என்ற வடிவம் செவுளுக்குள் எளிதில் நுழையாது. தனி அம்மோனியா என்ற வடிவம் நுழைந்துவிடும். நம் வீட்டுத் தொட்டி நிற்கும் 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தனி அம்மோனியாவாக இராது, பி.எச். 8 ஆனால் ஏழரைப் பங்கு அப்படி இருக்கும். பல்லாவரத்துப் போர் தண்ணீர்த் தொட்டியிலும் உதகையின் மென்மையான தண்ணீரிலும் சோதனைக் குழாய் ஒரே பச்சையைக் காட்டலாம். மீனுக்கு இரண்டும் ஒன்றல்ல. போர் தண்ணீர் வீட்டுக்காரர் ஒரு மில்லிகிராமைக்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

பி.எச்.சைக் குறைக்கும் திரவங்களை வாங்காதீர்கள். கடினநீரில் உள்ள கார்பனேட்டுகள் அந்த அமிலத்தை விழுங்கிவிட்டு, மறுநாளே பி.எச்.சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் மீனைத் தளர்த்துவதுபோல நிலையான எட்டு தளர்த்துவதில்லை. மோட்டார் போட்டவுடன் வரும் போர் தண்ணீரை நேராகவும் ஊற்றக் கூடாது. நிலத்தடியிலிருந்து வருவதால் அதில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் கல்லைப் போட்டு ஓரிரவு வைத்தால் சரியாகிவிடும்; இரும்புச்சத்து இருந்தால் அதுவும் செம்மண்போல அடியில் படியும்.

அப்படியானால் குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றினால் என்ன? அதுதானே தூய்மையானது?

கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் உப்புகள் நீக்கப்பட்டது. அதில் கார்பனேட் மிகக் குறைவு. பாக்டீரியாக்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் காரத்தன்மையை, அதாவது அந்தக் கார்பனேட் கையிருப்பை, செலவழிக்கின்றன. கேன் தண்ணீரில் அந்தக் கையிருப்பு சில நாட்களில் தீர்ந்து, பி.எச். ஆறுக்கும் கீழே சரிந்துவிடும். அங்கே பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்திவிடும். போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதுதான் பல வீடுகளுக்குப் பொருத்தமான வழி. அந்தக் கலவையை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றாமல் வைத்திருங்கள்.

மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர்?

இரண்டிலும் குளோரின் இருக்கும். மனிதர் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிர்ணயம். நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளுக்கு அதிகம். மழைக்காலத்தில் கிணற்றிலும் சம்ப்பிலும் பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் கூடும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு, புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்ஃபேட் படிகங்கள் உண்டு. மீன்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் தேவை என்ற கணக்கில், பத்து லிட்டர் வாளிக்குச் சிறிய படிகங்கள் இரண்டு மூன்று போதும். தொட்டியில் அல்ல, வாளியிலேயே கரைக்க வேண்டும்.

சென்னை மெட்ரோ தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே தண்ணீர் அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீர் ஒரு வகை. 2010 முதல் மீஞ்சூரிலும் 2013 முதல் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து எடுக்கப்படும் தண்ணீர் வேறு வகை. குழாயில் வருவது மாறினால் தொட்டியிலும் அது தெரியும். ஆகவே மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆக்ஸிஜன் குறைவா?

ஆக்ஸிஜனாக இருக்கலாம், அம்மோனியாவோ நைட்ரைட்டோ குளோரினோவாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் மீன் இதையே செய்யும். நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து, விளக்கு போட்ட பிறகு கீழே போனால் ஆக்ஸிஜன் குறைவு. இரவில் செடிகளும் மூச்சுவிடுகின்றன. தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் எல்லா மீன்களும் ஒன்றாக மேலே வந்தால் குளோரின். நாள் முழுவதும், நாளுக்கு நாள் அதிகமாக வந்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட். ஃபைட்டரும் கௌராமியும் மட்டும் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிப்பது அவற்றின் இயல்பு. நம் ஆறு குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டையைப் போல அவற்றுக்கும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு தலைக்குள் இருக்கிறது.

இறந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இல்லாமல் சாக்லேட் நிறத்தில் இருந்தது.

கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள், மிகச் சிலரே அப்படிப் பார்க்கிறார்கள். அது நைட்ரைட்டின் அடையாளம். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க இயலாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது, இரத்தம் பழுப்பாகிறது. தண்ணீரில் எவ்வளவு காற்று குமிழிட்டாலும் மீன் மூச்சுத்திணறியே இறக்கும். தொட்டி வைத்த மூன்றாம் நான்காம் வாரத்தில், அம்மோனியா இறங்கிவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் சமயத்தில் இது வருகிறது.

இதற்கு நம் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் உப்பிலுள்ள குளோரைடும் நுழைகிறது. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போதும். 45 லிட்டர் தொட்டிக்கு நாற்பத்தைந்து கிராம். அதை ஒரு சொம்புத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது என்பதால், தண்ணீர் மாற்றும்போது வெளியேறிய அளவுக்கு மட்டுமே மறுபடி சேர்க்க வேண்டும்.

கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்து, வாரம் ஒருமுறை சில சொட்டு விடச் சொன்னார். விடலாமா?

நோயே இல்லாத தொட்டியில் விட வேண்டாம். அது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் நாம் ஆறு வாரம் காத்திருந்து வளர்க்கும் பாக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடும். மருந்து கொடுக்க வேண்டிய மீனைத் தனி வாளியிலோ டப்பிலோ வைத்து, அங்கே கொடுங்கள்.

உடலில் உப்புத் தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி நோய். புள்ளியாக மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. விழுந்து, பெருகி, மறுபடி நீந்தத் தொடங்கும்போதுதான் கொல்ல முடியும். ஆகவே புள்ளிகள் மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தாமல், மேலும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்திருக்கும்போதுதான் இந்த நோய் பெரும்பாலும் பற்றுகிறது என்பதால், அப்போதும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

மாலைவரை எல்லா மீன்களும் துள்ளிக்கொண்டிருந்தன. காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

ஒரே இரவில் அனைத்தும் இறந்தால் நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நஞ்சு, மின்தடை, வெப்பம் ஆகிய மூன்றையும் பாருங்கள். நம் வீடுகளில் எவரும் எண்ணிப் பார்க்காத நஞ்சு கொசு மருந்து. கொசுவர்த்தியிலும், மின்செருகியில் பொருத்தும் கொசுவிரட்டித் திரவத்திலும், பூச்சித் தெளிப்பானிலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குக் குறைவாகவும் மீனுக்கு மிக அதிகமாகவும் நஞ்சானவை. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் அனுப்புகிறது; மூடிய படுக்கையறையில் இரவு முழுவதும் இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தொட்டி இருக்கும் அறையில் வலை கட்டிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் அடிக்கும்போதும், தெருவில் கொசுப்புகை அடிக்கும் வண்டி வரும்போதும் பம்பை வேறு அறைக்கு மாற்றி நீளக் குழாயில் இணையுங்கள். அல்லது அந்த நேரம் மட்டும் நிறுத்தித் தொட்டியை மூடுங்கள்.

கோடையில் என்ன செய்வது?

25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6 தான். மீனின் தேவையோ வெப்பத்தில் கூடுகிறது. மே மாதத்தில் தொட்டியின் மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, மேசை விசிறியின் காற்று நீர்ப்பரப்பின்மீது படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். பனிக்கட்டியை நேராகப் போடுவது தவறு. சென்னையில் ஹீட்டர் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை.

கோடைச் சாவுகளில் இன்னொரு காரணம் மொட்டைமாடித் தொட்டி. பிற்பகலில் அதிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதைப் பிடித்து ஊற்றினால் மீன் அதிர்ச்சியில் இறக்கும். காலையில், வெயிலுக்கு முன் பிடித்து வையுங்கள். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது கிடைக்கும்வரை ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் மீன் பிழைக்கும்.

கடையிலிருந்து வந்த பையை எவ்வளவு நேரம் மிதக்கவிட வேண்டும்?

மூடிய நிலையில் பதினைந்து, இருபது நிமிடம். பிறகு பிரித்து, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வெகுதூரம் வந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். குறைந்திருக்கும், அதனால் அம்மோனியா தீங்கற்ற வடிவில் நிற்கும். பையைத் திறந்தவுடன் அந்த வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியா நஞ்சாகத் தொடங்கும். எனவே பிரித்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருப்பது அக்கறையாகத் தோன்றினாலும் மீனுக்குக் கெடுதல்.

எங்கள் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

இந்த 45 லிட்டரில் எட்டுப் பத்துக் கப்பி, அல்லது ஐந்தாறு பிளாட்டி. கோல்டு ஃபிஷ் ஒன்றுகூட இதில் வாழ்நாள் முழுவதும் இருக்க முடியாது. அது கையளவுக்கு மேல் வளர்ந்து பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன். கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விற்பதை எப்போது பார்த்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது. குட்டிச் சுறா என்று விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டர்வரை வளரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்கப்படும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டும். சுத்தம் செய்வதைவிட அதிகக் கழிவையே போடும். பெரிதாகிவிட்டது என்று அதை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள்; நம் ஏரிகளில் அது ஏற்கெனவே பரவி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்து வருகிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தண்ணீர் பால்போலக் கலங்குகிறது. சில நாளில் பச்சையாகிறது.

முதல் வாரத்தில் வரும் பால் கலங்கல் மிதக்கும் பாக்டீரியாக்களின் பெருக்கம். தீவனத்தைக் குறைத்தால் தானாகத் தெளியும். பச்சை நிறம் பாசி. ஜன்னல் வெயிலைத் தடுத்து, விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குள் வையுங்கள். இரண்டும் பார்ப்பதற்குத்தான் அழகில்லை, தீங்கு குறைவு.

எட்டு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. தண்ணீரை மாற்றாமல், குறைந்ததை மட்டும் ஊற்றி வந்தோம். ஒருநாள் நிறைய மாற்றியதும் மீன்கள் இறந்துவிட்டன.

மாதக்கணக்கில் மாற்றப்படாத தொட்டியில் காரத்தன்மை தீர்ந்து பி.எச். மெல்லச் சரிந்திருக்கும். பாக்டீரியாக்கள் சோர்ந்து அம்மோனியா சேர்ந்திருக்கும்; ஆனால் குறைந்த பி.எச்.சில் அது தீங்கற்ற வடிவில் உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பி.எச். எட்டுள்ள புதுத் தண்ணீரை ஊற்றியவுடன் அத்தனையும் ஒரே நேரத்தில் நஞ்சாக எழுந்துவிட்டது. இப்படிப்பட்ட தொட்டியை ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம், இரண்டு வாரம் பொறுமையாக மாற்ற வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுவதை விடாதீர்கள். எடுத்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அவற்றுக்கு நல்ல உரம். உப்புப் போட்ட தண்ணீராக இருந்தால் மட்டும் வேண்டாம்.

எல்லா மீன்களும் இறந்துவிட்டன. குழந்தை அழுகிறாள், உடனே புது மீன் கேட்கிறாள். எப்படித் தொடங்குவது?

தொட்டியைக் காலி செய்யாதீர்கள். காரணம் நஞ்சாக இருந்தால் மட்டுமே முழுவதும் மாற்ற வேண்டும். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களை நடுங்கள். மணி பிளான்ட் கொடியின் வேர் தண்ணீரில் படும்படி விளிம்பில் தொங்கவிடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகைத் தீவனம் போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாதான் பாக்டீரியாக்களின் உணவு. கிடைத்தால் பழைய பஞ்சும் சேருங்கள்.

சோதனைக் குழாயைக் குழந்தையிடமே கொடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து, நாட்காட்டியில் எண்ணைக் குறித்துவரட்டும். என் அண்ணன் மகள் ஏழு வயதில் அப்படிக் குறித்த நாட்காட்டித் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இருபத்தொன்பதாம் நாளில் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் இரண்டு பூச்சியம் போட்டு, பக்கத்தில் ஒரு மீன் வரைந்திருக்கிறாள். அப்படி இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியமாக நின்ற பிறகு, மூன்று கப்பிகளை மட்டும் வாங்கி விடுங்கள். அடுத்த மூன்றுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும்.